வாசகர் கேள்வி–பதில்: ஜிப்சப் பாறைக்குள் ஒரு பை விலங்கு

சென்ற இதழில், "பையில் குட்டியைச் சுமக்கும் விலங்குகள் ஆஸ்திரேலியாவைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லையா?" என்று கேட்ட மாதவரம் மாணவிக்கு நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அமெரிக்கக் கண்டங்களில் ஒப்போசங்கள் இன்றும் வாழ்கின்றன என்றும், ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் 'பெராத்தீரியம்' என்ற சின்னஞ்சிறு ஒப்போசப் பேரினம் இருந்து அழிந்துபோனது என்றும் அதில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு வடசென்னையிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்துவிட்டன. எண்ணூரிலிருந்து வந்த உறைக்குள் பஞ்சில் பொதிந்த ஒரு தாடையெலும்பே இருந்தது. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த விலங்குக்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

பெராத்தீரியம் என்ற பெயரை இப்போதுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். அது பார்ப்பதற்கு எப்படி இருந்திருக்கும்? எப்போது வாழ்ந்தது?
*— ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர், தண்டையார்பேட்டை*

இரவில் அடுப்படிச் சுவரை ஒட்டியே ஓடி, வெளிச்சம் பட்டதும் கீச்சென்று கத்திக்கொண்டு சாக்கடைத் துளைக்குள் மறையும் மூஞ்சூறை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கூர்மூக்கை அப்படியே வைத்துக்கொண்டு, காதையும் கண்ணையும் சற்றுப் பெரிதாக்கி, வாலை நீட்டினால் ஏறத்தாழ பெராத்தீரியம் கிடைத்துவிடும். அதன் சிற்றினங்களில் பல, சுண்டெலிக்கும் எலிக்கும் இடைப்பட்ட அளவிலேயே இருந்தன. புழு பூச்சிகளைக் கடித்து நொறுக்குவதற்கு ஏற்ற கூரிய முகடுகள் கொண்ட பற்கள் அதற்கு இருந்தன.

'பெரா' என்பது கிரேக்கத்தில் பையையும், 'தீரியம்' என்பது விலங்கையும் குறிக்கும். ஆகவே பெயரின் பொருள் 'பை விலங்கு' என்பதுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு ஆய்வாளர் ஆகுஸ்ட் ஐமார் சூட்டிய பெயர் இது. இந்தப் பேரினம் சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இயோசீன் காலத்தின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் தென்படுகிறது. அதன் மிகப் பழைய பற்கள் கிடைத்த இடங்களுள் பெல்ஜியத்தின் டோர்மால் ஒன்று. அதன் பிறகு மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அது தாக்குப்பிடித்தது. மனித இனம் தோன்றியே சில லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதை வைத்துப் பார்த்தால், அழிந்துபோனது என்பதற்காக அதைத் தோற்றுப்போன விலங்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அது ஜிப்சப் பாறையில் கிடைத்ததாக எங்கோ படித்தேன். நாங்கள் 'பிஓபி' என்று சொல்லும் மாவுக்கட்டுப் பொடியும் ஜிப்சத்திலிருந்து வருவதுதானே? அந்தப் பாறைக்குள் விலங்கு எப்படிப் போனது, எப்படி வெளியே வந்தது?
*— மாவுக்கட்டுப் போடும் ஊழியர், இராயபுரம்*

இந்தக் கடிதத்தைத்தான் நான் முதலில் மேசைமேல் எடுத்துவைத்தேன். நாள்தோறும் தாங்கள் தண்ணீரில் முக்கிப் பிழிந்து சுற்றும் பட்டைக்கும் இந்த விலங்குக்கும் உள்ள உறவு, தாங்கள் நினைத்திருப்பதைவிட நெருக்கமானது. பாரிஸ் நகரின் வடக்கே மோன்மார்த் என்ற குன்று இருக்கிறது. அதன் அடியில் இருந்த ஜிப்சப் பாறையை வெட்டி, சூளையில் இட்டுச் சுட்டு, பொடியாக்கித்தான் அந்நகரத்துக் கட்டடங்களுக்குப் பூச்சு பூசினார்கள். பாரிஸ் சாந்து ('பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்', தங்கள் 'பிஓபி') என்ற பெயர் நிலைத்ததும் இப்படித்தான். ஜிப்சத்தைச் சுமார் 150 பாகை வெப்பத்தில் சுட்டால் அதற்குள் கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கு வெளியேறிவிடும். அந்தப் பொடியில் மறுபடி தண்ணீர் சேரும்போது அது இழந்த நீரை எடுத்துக்கொண்டு மீண்டும் ஜிப்சமாகவே இறுகுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். கட்டுப் போட்டுச் சிறிது நேரத்தில் நோயாளி "உள்ளே சுடுகிறது" என்று முகம் சுளிப்பதற்குக் காரணம் அதுதான். ஆறிய பிறகு அவர் காலைச் சுற்றியிருப்பது, வேதியியல் கணக்கில், மோன்மார்த் பாறையேதான்.

அந்தப் பாறை உருவான விதத்தைப் புரிந்துகொள்ள அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களை நினைத்துக்கொள்ளலாம். பாத்தியில் கட்டிய கடல்நீர் வெயிலில் சுண்டும்போது, சமையல் உப்பு படியத் தொடங்குவதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய பாரிஸ் இருக்கும் பகுதியில் ஆழமற்ற உப்பங்கழிகள் இப்படியே சுண்டிச் சுண்டி, அடுக்கடுக்காக ஜிப்சத்தைப் படியவிட்டன. கரையோரக் காட்டில் இறந்த விலங்குகளின் உடல்கள் அந்தக் கழிகளில் அடித்துவரப்பட்டுச் சேற்றோடு மூடுண்டன.

வெளியே வந்த கதை 1804இல் நடந்தது. மோன்மார்த் கற்குழியில் ஒரு பாளம் இரண்டாகப் பிளந்தபோது, அதற்குள் கையளவுகூட இல்லாத ஒரு விலங்கின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுமையாகக் கிடந்தது. அது பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் குவியேயின் கைக்கு வந்தது. தாடையையும் பற்களையும் பார்த்த குவியே, இது அமெரிக்காவில் வாழும் ஒப்போசத்தின் உறவு என்ற முடிவுக்கு வந்தார். ஐரோப்பாவில் எவரும் கண்டிராத ஒரு விலங்கின் உறவை ஐரோப்பாவின் நடுவே, அதுவும் தலைநகரின் பூச்சுக்கல்லுக்குள் வைத்துச் சொல்வதென்றால், கேட்பவர்கள் எளிதில் நம்பிவிட மாட்டார்கள் அல்லவா? ஒப்போசம், கங்காரு போன்றவற்றின் இடுப்பெலும்பின் முன்புறத்தில், வயிற்றை நோக்கி நீண்டிருக்கும் இரண்டு மெல்லிய குச்சி எலும்புகள் உண்டு. அந்நாளில் அவற்றைப் 'பை எலும்புகள்' என்றே அழைத்தார்கள். பாளத்தில் இடுப்புப் பகுதி இன்னும் கல்லுக்குள்தான் புதைந்திருந்தது. "இந்த இடத்தில் தோண்டினால் அந்த இரண்டு எலும்புகளும் இருக்கும்" என்று குவியே முன்கூட்டியே அறிவித்துவிட்டு, தாம் அறிவித்ததைக் கேட்டவர்களையே சாட்சியாக வைத்துக்கொண்டு, கூரிய எஃகு ஊசியால் ஜிப்சத்தைத் துகள் துகளாக நீக்கினார். ஜிப்சம் நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையானது என்பது தங்களுக்குத் தெரியும். அந்த மென்மை இங்கே கைகொடுத்தது. இரண்டு எலும்புகளும் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தன. அந்த விலங்குக்கு இன்று 'பெராத்தீரியம் குவியேரி' என்று பெயர். பாளம் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஒரு தாடையைப் பார்த்து இடுப்பெலும்பைச் சொல்வது அறிவியலா, சோதிடமா? குவியேக்கு ஒருமுறை பலித்தது என்பதற்காக அதை விதி என்று எடுத்துக்கொள்ள முடியுமா?
*— விலங்கியல் மாணவர், வியாசர்பாடி*

நல்ல சந்தேகம். இதற்கு இரண்டு பகுதிகளாகத்தான் விடை சொல்ல வேண்டும், இரண்டாவது பகுதி குவியேக்கு அவ்வளவு சாதகமானதும் அல்ல.

முதலில், தாடை என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். ஒப்போசம், கங்காரு போன்ற பை விலங்குகளின் இனமான பைப்பாலூட்டியின் கீழ்த்தாடையைக் கையில் எடுத்துக் கீழிருந்து பார்த்தால், அதன் பின்மூலை உட்புறமாக மடிந்து ஒரு சிறு தட்டுப்போல நிற்பது தெரியும். நாய், பூனை, மனிதன் ஆகியோரின் தாடையில் அந்த மடிப்பு இல்லை. அடுத்து, பற்களின் வரிசை. நாய், பூனை, மனிதன்போலக் குட்டியைக் கருப்பையிலேயே நஞ்சுக்கொடி வழியாக வளர்க்கும் நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் மூதாதையருக்கு ஒரு பக்கத்தில் முன்கடைவாய்ப் பற்கள் நான்கும் கடைவாய்ப் பற்கள் மூன்றும் இருந்தன. பைப்பாலூட்டிகளில் இந்தக் கணக்குத் தலைகீழாகி, முன்கடைவாய்ப் பற்கள் மூன்று, கடைவாய்ப் பற்கள் நான்கு என்று அமையும். வட அமெரிக்காவின் இன்றைய வர்ஜீனியா ஒப்போசத்துக்கு மொத்தம் 50 பற்கள், நமக்கு 32, எலிக்கு 16. இவற்றோடு, கீழ்க் கடைவாய்ப் பல்லின் பின்பகுதியிலுள்ள இரண்டு சிறு முகடுகள் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றையொன்று ஒட்டி நிற்பதும் சேர்ந்துகொள்ளும். இத்தனை அடையாளங்களும் ஒரே தாடையில் கூடியிருக்கும்போது, அந்த விலங்கின் மற்ற உறுப்புகளும் அதே குடும்பத்து அமைப்பில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது சோதிடமாகாது. பிற்காலத்தில் எவரும் சரிபார்க்கக்கூடிய ஒன்றை, தவறாகப் போனால் எல்லோர் முன்னிலையிலும் தலைகுனிய நேரும் என்று தெரிந்தே சொன்னதால், அதைச் சோதனை என்றுதான் நான் அழைப்பேன்.

இனி இரண்டாவது பகுதி. குவியே சொன்ன எலும்பு இருந்தது, ஆனால் அந்த எலும்புக்கு அவர் காலத்தவர் கொடுத்த பெயரும் பொருளும் நிலைக்கவில்லை. பை எலும்பு பெண் விலங்குக்கு மட்டுமன்றி, பையே இல்லாத ஆணுக்கும் உண்டு. முட்டையிடும் வாத்தலகிக்கும் அது உண்டு. அதைவிட வியப்பு, மங்கோலியாவில் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியக் காலப் பாறைகளில் கிடைத்த, நம்மைப்போன்ற நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் ஆதி உறவுகளுக்கும் அதே எலும்புகள் இருந்தன என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, அந்த எலும்பு பையைத் தாங்குவதற்கென்று தோன்றியதன்று. பழைய பாலூட்டிகள் பலவற்றுக்கும் பொதுவாக இருந்து, நம் வழியில் மட்டும் மறைந்துபோன ஒன்று. குவியே சரியான விடையைப் பாதி சரியான வழியில் அடைந்தார் என்று சொன்னால் அவருக்கு அநீதி ஆகாது என நினைக்கிறேன்.

அவர் கண்ணும் ஒருமுறை ஏமாந்திருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஸ்ஃபீல்டு கற்குழிகளில் கிடைத்த சில சிறு தாடைகளை 1818இல் ஆக்ஸ்ஃபோர்டில் பார்த்த குவியே, அவையும் ஒப்போசத்துக்கு நெருங்கியவை என்றே கருதினார். அவை சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஜுராசிக் காலத்தவை, பைப்பாலூட்டியும் அல்ல, நஞ்சுக்கொடிப் பாலூட்டியும் அல்ல, இரண்டு கிளைகளும் பிரிவதற்கு முன்பே தனிவழி போன பாலூட்டிகள் என்று பின்னர் தெளிவாயிற்று. அதே கண், அதே முறை, மோன்மார்த்தில் பலித்தது, ஸ்டோன்ஸ்ஃபீல்டில் பலிக்கவில்லை. மோன்மார்த்தில் தோண்டிச் சரிபார்க்க முழு எலும்புக்கூடு இருந்தது, ஸ்டோன்ஸ்ஃபீல்டில் தாடை மட்டுமே இருந்தது.

இந்தியாவில் இப்படிப்பட்ட விலங்கு இருந்ததே இல்லையா?
*— பள்ளி ஆசிரியை, வண்ணாரப்பேட்டை*

இருந்தது என்று 2005இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது. குஜராத்தில் சூரத் மாவட்டத்திலுள்ள வஸ்தான் என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்று உண்டு. நமக்கு நெய்வேலி எப்படியோ அப்படி. அந்த நிலக்கரி அடுக்குகளுக்கு இடையே கிடைத்த, சுமார் 5.4 கோடி ஆண்டு வயதுள்ள நுண்ணிய பற்களை ஆராய்ந்து, 'இண்டோடெல்ஃபிஸ்', 'ஜெய்கேரியா' என்று இரண்டு புதிய பேரினங்களுக்குப் பெயரிட்டார்கள். இந்தியாவிலிருந்து பைப்பாலூட்டிப் புதைபடிவம் பதிவானது அதுவே முதல் முறை. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்த காலம் அது. அதே சுரங்கத்தில் ஆதிக் குரங்கினங்களின் தாடைகளும், மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பரும் கிடைத்திருக்கின்றன.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2007இல் இன்னோர் ஆய்வுக்குழு வஸ்தானின் வௌவால்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், அங்கு வாழ்ந்த ஏழு வகை வௌவால்களை வரிசைப்படுத்தியது. அந்த ஏழில் ஒன்று நம் ஜெய்கேரியா! இரண்டு ஆண்டுகளுக்கு முன் பைப்பாலூட்டியாகப் பிறந்தது, வௌவாலாக மாறிவிட்டது. வியாசர்பாடி மாணவருக்கு மேலே சொன்னேனே, கீழ்க் கடைவாய்ப் பல்லின் இரட்டை முகடுகள், அவைபோலவே சில வௌவால்களின் பல்லிலும் பின்முகடு உட்புறமாக ஒதுங்கி மற்றொன்றை நெருங்கி நிற்கும். தாடை மடிப்போ இடுப்பெலும்போ இல்லாமல் ஒரு தனிப்பல்லை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதும்போது, இத்தகைய ஒற்றுமை எவரையும் தடுமாறச் செய்யும். தங்கள் வகுப்பில் இதைச் சொல்வதாக இருந்தால், முதலில் பெயரிட்டவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்காதபடி சொல்லுங்கள். அந்தப் பல்லின் நீளம் ஓரிரு மில்லிமீட்டர்தான்.

கடுகளவு பல்லைச் சுரங்கத்து மண்ணிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
*— மீன் ஏலக் கணக்கர், காசிமேடு*

சௌகார்பேட்டையின் நகைப்பட்டறைச் சந்துகளில் விடியற்காலையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? பட்டறை வாசலையும் சாக்கடை ஓரத்தையும் கூட்டி, அந்த மண்ணையும் சேற்றையும் வாளியில் அள்ளி, தட்டில் இட்டு நீரூற்றி அலசி அலசி, அடியில் தங்கும் பொன்துகளைப் பொறுக்குபவர்களைப் பார்க்கலாம். புதைபடிவ ஆய்வாளரின் வேலையும் அதேதான், கூலிதான் வேறு. பல் இருக்கக்கூடிய களிமண் அடுக்கை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து வெயிலில் நன்றாகக் காயவைப்பார்கள். காய்ந்த களிமண்ணை நீரில் போட்டால் தானே குழைந்து உதிரும். அதை அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சலடையில் ஊற்றி அலசினால் களிமண் ஓடிவிட, மணலும் மீன் செதிலும் எலும்புத் துணுக்கும் தங்கும். தங்கியதைக் காயவைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாகப் பரப்பி, நனைந்த தூரிகை நுனியால் பல்லை மட்டும் ஒற்றி எடுப்பார்கள். மூட்டைக்கு ஒரு பல்கூடக் கிடைக்காத நாள்களும் உண்டு.

பல்லே அதிகமாகக் கிடைப்பதற்குக் காரணம், உடலிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல் என்பதுதான். பெராத்தீரியத்தையும் அதன் உறவுகளையும் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி பற்களால் வந்தது. விதிவிலக்கு ஜெர்மனியின் மெஸ்ஸெல். சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை வாயில் தேங்கிய ஏரி அது. அதன் அடிச்சேற்றில் பிராணவாயு இல்லாததால் விழுந்த உடல்கள் குலையாமல் பதிந்தன. அங்கே சிறு பைப்பாலூட்டிகளின் முழு எலும்புக்கூடுகளே கிடைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று கிளையைச் சுற்றிப் பிடிக்கும் நீண்ட வாலுடன், மரமேறும் வாழ்க்கைக்கு ஏற்ற உடலமைப்போடு இருக்கிறது. 1995 முதல் மெஸ்ஸெல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

சென்ற இதழில் பெராத்தீரியத்தை 'ஒப்போசப் பேரினம்' என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இன்றைய அமெரிக்க ஒப்போசம் அதன் வாரிசா? 'ஒப்போசம்' என்ற சொல்லுக்குத் தமிழில் ஏதேனும் உண்டா?
*— தமிழாசிரியை, திருவொற்றியூர்*

வாரிசு அன்று. அப்படி ஒரு எண்ணம் தோன்றும்படி நான் எழுதியது என் பிழை. குவியே காலம் தொட்டு ஒப்போசம் என்று அழைத்துப் பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதிவிட்டேன். நுட்பமாகச் சொல்வதென்றால், பெராத்தீரியமும், அதன் ஐரோப்பியத் தம்பியான ஆம்ஃபிபெராத்தீரியமும், வட அமெரிக்காவின் ஹெர்பெட்டோத்தீரியமும் ஒரு தனிக் குடும்பம். ஹெர்பெட்டோத்தீரியத்தின் நன்கு பாதுகாக்கப்பட்ட எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, இந்தக் குடும்பம் இன்றைய ஒப்போசம், கங்காரு எல்லாவற்றையும் உள்ளடக்கிய பெருங்கிளைக்கு வெளியே, அதற்கு மிக அருகில் நிற்பதாக முடிவு செய்தது. ஆக, ஒப்போசத்துக்கும் கங்காருவுக்கும் அது சம தூரத்து உறவு. உருவத்திலும் வாழ்க்கையிலும் மட்டும் ஒப்போசத்தைப் போன்றது. பழைய நூல்களில் பெராத்தீரியம் ஒப்போசக் குடும்பத்திலேயே வைக்கப்பட்டிருக்கும், ஆகவே தங்கள் பள்ளி நூலகத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வட அமெரிக்காவில் பல கோடி ஆண்டுகள் வாழ்ந்த ஹெர்பெட்டோத்தீரியம் முதலியவை மயோசீன் காலத்தில் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வரை) அங்கே முற்றாக அழிந்துபோயின. இன்று அந்நாட்டுக் குப்பைத்தொட்டிகளைக் கிளறும் வர்ஜீனியா ஒப்போசத்தின் மூதாதையர், இரு அமெரிக்கக் கண்டங்களையும் இணைக்கும் பனாமா நிலப்பாலம் உருவான பிறகு தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே ஏறிவந்தவர்கள். பழைய குடியிருப்பு காலியாகி நெடுங்காலம் கழித்து, தூரத்து உறவு ஒன்று அதே வீட்டுக்குக் குடிவந்த மாதிரி.

சொல்லைப் பற்றி: 'ஒப்போசம்' என்பது வர்ஜீனியாவில் வாழ்ந்த பொவ்ஹாட்டன் பழங்குடியினரின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுதிவைத்த ஜான் ஸ்மித், பன்றியின் தலை, எலியின் வால், பூனையின் பருமன், வயிற்றின் கீழ் ஒரு பை என்று அந்த விலங்கை விவரித்திருக்கிறார். நம் மண்ணில் இல்லாத விலங்குக்கு நாமாக ஒரு சொல்லைக் கட்டுவதைவிட, அந்த மண்ணின் சொல்லையே எடுத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. தாங்கள் மாறுபடலாம்.

பெருச்சாளியும் பைப்பாலூட்டிதான் என்று என் பேரன் சாதிக்கிறான். உண்மையா?
*— மளிகைக் கடைக்காரர், புளியந்தோப்பு*

நம் பெருச்சாளி எலிக் குடும்பம், பை கிடையாது. தெலுங்கில் அதைப் 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி, என்பார்கள். தங்கள் தெருவிலேயே கேட்டிருப்பீர்கள். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் 'பேண்டிகூட்' ஆயிற்று. பிறகு ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற ஐரோப்பியர், அங்கே கண்ட நீள்மூக்குப் பைப்பாலூட்டி ஒன்றுக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பேரன் படித்தது அந்த ஆஸ்திரேலிய விலங்கைப் பற்றி. இருவரும் சொல்வது சரிதான்.

மூன்று கோடி ஆண்டுகள் வாழ்ந்த விலங்கு பிறகு ஏன் அழிந்தது?
*— இரயில்வே ஊழியர், பெரம்பூர்*

சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி குளிர்ந்து, கடல்மட்டம் இறங்கி, ஆசியாவிலிருந்து புதிய பாலூட்டிகள் ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது அங்கிருந்த விலங்குகளில் பெரும்பகுதி மறைந்தது. 'பெரும் வெட்டு' என்ற பொருளில் பிரெஞ்சு மொழியில் அதற்கு ஒரு பெயரே உண்டு. அந்தப் பெரும் வெட்டிலும் இந்தச் சிறு விலங்குகள் தப்பின. பெராத்தீரியம் மறைந்த பிறகும் ஆம்ஃபிபெராத்தீரியம் மயோசீன் காலத்தின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் நீடித்தது. அதற்குப்பின் அந்தக் கண்டத்தில் பைப்பாலூட்டியே இல்லை. உலகம் மீண்டும் குளிரத் தொடங்கிய காலம் அது. வெப்பக் காடுகள் தெற்கே பின்வாங்கின. அதே உணவை உண்ணும் மூஞ்சூறுகளும் முள்ளெலிகளும் பெருகியிருந்தன. குளிரும் போட்டியும் சேர்ந்தே வேலையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் பொருத்தமான விளக்கம். எகிப்தின் ஃபாயூமிலும் இதே குடும்பத்தின் பற்கள் கிடைத்திருக்கின்றன, தாய்லாந்தின் மயோசீன் படிவுகளில் இன்னொரு கிளையின் பற்கள் கிடைத்திருக்கின்றன. அங்கெல்லாமும் இன்று எவரும் இல்லை.

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இந்தத் தாடையெலும்பு கிடைத்தது. இது பெராத்தீரியமா? பெராத்தீரியம் குட்டியைப் பையில் வைத்திருந்ததா?
*— ஏழாம் வகுப்பு மாணவன், எண்ணூர்*

தம்பி, நீ அனுப்பிய எலும்பை மேசை விளக்கின் கீழ் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் பார்த்தேன். முதலில் பல்லை எண்ணினேன். எலியாக இருந்தால் ஒரு பக்கத் தாடையில் 4 பற்கள்தான், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே அகன்ற வெற்றிடம் இருக்கும். ஒப்போசமாக இருந்தால் 12 இருக்க வேண்டும். உன் எலும்பில் 6 குழிகள். முன்பல் ஒன்று ஈட்டிபோல முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் பின்னால் இரண்டு சிறு பற்கள், பிறகு கூரிய முகடுள்ள மூன்று கடைவாய்ப் பற்கள். எலும்பைத் திருப்பிப் பின்மூலையைப் பார்த்தேன், உள்மடிப்பு இல்லை. இது மூஞ்சூறு. அதுவும் பழையது அன்று, வெயிலில் சில மாதங்கள் கிடந்து வெளுத்தது. பருந்தோ காகமோ தொட்டியின்மேல் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போட்டிருக்கும்.

உன் இரண்டாவது கேள்வியைப் பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. பை என்பது தோல், அது கல்லில் பதிவதில்லை. முன்பு சொன்ன இடுப்புக் குச்சி எலும்புகளும் பைக்குச் சாட்சி ஆவதில்லை. தென் அமெரிக்காவில் இன்று வாழும் சின்னஞ்சிறு ஒப்போசங்களைப் பார்த்தால், பலவற்றுக்குப் பையே கிடையாது. வளர்ச்சி நிறைவதற்கு முன்பே பிறந்துவிடும் குட்டிகள் தாயின் முலைக்காம்பை வாயால் கவ்விக்கொண்டு, வயிற்றடியில் தொங்கியபடியே வளர்கின்றன. பெராத்தீரியமும் அதே அளவுள்ள விலங்கு என்பதால் அதுவும் அப்படி வாழ்ந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் 'பை விலங்கு' என்ற பெயர் பையில்லாத விலங்குக்கு விழுந்ததாகிறது.

தாடையெலும்பை அதே பஞ்சில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கடைசிக் கடைவாய்ப் பல் குழியிலிருந்து கழன்று உறையின் மூலையில் கிடந்தது. அதைத் தனித்தாளில் மடித்து வைத்திருக்கிறேன், உறையைக் குப்புறக் கவிழ்த்துவிடாதே.